பியூஜோ அமெரிக்காவுக்குத் திரும்புவதானால் எந்த வழி?

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரிலிருந்து ஒஹாயோவின் டொலீடோவை நோக்கி 23ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் வழியில் டன்டீ என்ற சிற்றூர் வரும். ஜீப், கிறைஸ்லர், பிரான்ஸின் பியூஜோ முதலிய கார் பிராண்டுகளை வைத்திருக்கும் ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தின் எஞ்சின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 2026 மாடல் ஜீப் செரோகீயில் வரும் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின் இங்கேதான் தயாராகிறது. தயாராவது மிச்சிகனில் என்றாலும் அதன் பூர்வீகம் பிரான்ஸ். பியூஜோவின் தாய் நிறுவனமும் பி.எம்.டபிள்யூவும் சேர்ந்து உருவாக்கி 2006 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பிரின்ஸ்’ எஞ்சின் குடும்பத்தின் வழிவந்தது அது. 1991இல் அமெரிக்காவை விட்டுப் போன பியூஜோ, பெயர்ப்பலகை இல்லாமல் பானெட்டுக்கு அடியில் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

ஜீப்புக்குள் பியூஜோ எஞ்சின் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1970களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனம் பியூஜோவிடம் உரிமம் வாங்கி டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. எம்.எம். 540 போன்ற ஜீப்புகளில் ஏறி மலையூர்களுக்குப் போய்வந்தவர்கள் அந்த எஞ்சினின் ‘தடதட’ சத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பியூஜோ கார் பார்க்காதவர்கள்கூட பியூஜோ எஞ்சினில் பயணம் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்போது நடப்பது ஏறக்குறைய அதேதான்.

எனக்கு நெடுநாளாக மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. பியூஜோவின் தாய் நிறுவனமான பி.எஸ்.ஏ. 2016இல் பத்தாண்டுத் திட்டம் போட்டு அமெரிக்காவுக்குத் திரும்புவோம் என்றது. 2018இல் அட்லாண்டாவில் தலைமை அலுவலகம் அமைத்தது. 2019 பிப்ரவரியில், திரும்பப்போகும் பிராண்ட் பியூஜோதான் என்று அப்போதைய தலைவர் கார்லோஸ் தவாரெஸ் அறிவித்தார். அன்றைக்கு அவர்களிடம் அமெரிக்காவில் என்ன இருந்தது? தொழிற்சாலை இல்லை, டீலர் இல்லை, கார் கடன் கொடுக்கச் சொந்த நிதி நிறுவனம் இல்லை. 2021 ஜனவரியில் ஃபியட் கிறைஸ்லருடன் இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனதும் இவை மூன்றும் ஒரே நாளில் கைக்கு வந்தன, அல்லது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. அதே மாதத்தில் பியூஜோவின் அமெரிக்கத் திட்டம் மூட்டை கட்டி வைக்கப்பட்டது. கையில் ஒன்றுமில்லாதபோது போக நினைத்தவர்கள், எல்லாம் கிடைத்ததும் வேண்டாம் என்றார்கள்.

அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் தவாரெஸ் 2024 டிசம்பரில் விலகி, 2025 ஜூனில் அந்தோனியோ ஃபிலோசா தலைமையேற்று, அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளில் 13 பில்லியன் டாலர் முதலீடு என்று அறிவித்திருக்கும் நிலையில் அந்தக் கோப்பை மறுபடி பிரித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. திரும்புவதா இல்லையா என்பதைவிட, திரும்பினால் எப்படித் திரும்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், ஏன் போனார்கள்?

பியூஜோ அமெரிக்காவில் முறையாக விற்பனையைத் தொடங்கியது 1958இல், 403 மாடலுடன். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கசங்கிய மழைக்கோட்டு போட்ட துப்பறியும் அதிகாரி ஓட்டிவரும் பழைய திறந்த கூரைக் கார் அதுதான். பிறகு 404, 504, 505 என்று வந்தன. மெத்தென்ற இருக்கை, பள்ளம் மேடு தெரியாத சஸ்பென்ஷன், சலிக்காமல் ஓடும் டீசல் எஞ்சின் என்று தனக்கென ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. பேராசிரியர்கள், கட்டடக் கலைஞர்கள், ஐரோப்பாவில் சில காலம் வாழ்ந்து திரும்பியவர்கள் வாங்கும் கார் என்று பெயர். 1980களின் நடுவில், உச்சத்தில் இருந்தபோதே ஆண்டு விற்பனை 20 ஆயிரத்தைச் சுற்றித்தான் இருந்தது.

அதன் பிறகு இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. 1985இல், டாலரின் மதிப்பை இறக்கப் பெரிய நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பிளாசா உடன்பாட்டுக்குப் பின் அதன் மதிப்பு இறங்கியது. பிராங்கில் செலவு செய்து டாலரில் விற்கிற நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. டீசல் காருக்கு இருந்த ஒரே பொருளாதாரக் காரணம் அதோடு போனது. 1988இன் ஐரோப்பிய ஆண்டுக் காராகத் தேர்வான 405 அமெரிக்கக் கரையில் இறங்கியபோது, எதிரே ஹோண்டா அக்கார்டும், புதிதாக வந்த லெக்ஸஸும் இன்ஃபினிட்டியும் நின்றன. 1991 ஆகஸ்டில் கதவை மூடினார்கள்.

கார் மோசம் என்பதற்காக அவர்கள் போகவில்லை. அந்நிய மண்ணில் செய்து, கடல் கடந்து கொண்டுவந்து, நாணய மாற்று விகிதத்தின் தயவில் விற்றதால் போனார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் இறக்குமதி வரி நிற்கிறது.

அமெரிக்க மண்ணில் பியூஜோவுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தை 1913, 1916, 1919 என்று மூன்று முறை வென்ற கார் அது. கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையேற்றத்தில் 2013இல் செபாஸ்டியன் லோப் 208 டி16 காரில் 8 நிமிடம் 13.878 விநாடியில் உச்சியைத் தொட்டார். ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்குக் கார் விற்க முடியாது. இப்போது இருபது வயதில் இருக்கும் அமெரிக்கருக்கு அந்தச் சிங்கச் சின்னம் என்னவென்றே தெரியாது. இதை ஒரு வசதியாகவும் பார்க்கலாம். நல்ல பெயர் இல்லை என்பதுபோலக் கெட்ட பெயரும் மிச்சமில்லை. இத்தாலியக் கார்களின் துருப்பிடித்த பழங்கதைகளை ஃபியட் சுமந்துகொண்டு வந்ததுபோல பியூஜோ எதையும் சுமக்க வேண்டியதில்லை.

வழிகளை ஒப்பிடும்போது மூன்று கேள்விகளை மட்டும் எல்லா வழிக்கும் போட்டுப் பார்க்கிறேன். ஷோரூம் வாசலில் விலை என்ன? ஏழாவது ஆண்டில் யார் ரிப்பேர் செய்வார்? மூன்றாம் ஆண்டு முடிவில் கார் என்ன விலைக்குப் போகும்?

மூன்றாவது கேள்வி இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் ஏராளமானோர் புதுக் காரை வாங்குவதில்லை, லீஸுக்கு எடுக்கிறார்கள்; அதாவது மாதத் தவணை கட்டிச் சில ஆண்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 40 ஆயிரம் டாலர் கார் மூன்று ஆண்டு கழித்து 60 சதவீத விலைக்குப் போகும் என்று நிதி நிறுவனம் கணித்தால், நீங்கள் கட்ட வேண்டியது 16 ஆயிரம். 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 444 டாலர், வட்டி தனி. அறிமுகமில்லாத பிராண்ட், 48 சதவீதத்துக்குத்தான் போகும் என்று கணித்தால் அது 578 டாலர் ஆகிவிடும். கார் அதே கார், ஒட்டிய விலையும் அதே விலை. மாதம் 130 டாலருக்கு மேல் வித்தியாசம். புதிதாக வரும் பிராண்டை விளம்பரம் செய்து அறிமுகப்படுத்திவிடலாம். இந்த மாதத் தவணையை விளம்பரத்தால் குறைக்க முடியாது.

நேரான வழி இறக்குமதி. பிரான்ஸின் சோஷோ ஆலையில் 3008, 5008 இரண்டும் தயாராகின்றன. கப்பலில் ஏற்றி பால்டிமோரிலோ நெவார்க்கிலோ இறக்க வேண்டியதுதானே என்று தோன்றும். அவ்வளவு எளிதல்ல.

ஐரோப்பாவின் பாதுகாப்பு விதிகளும் அமெரிக்க விதிகளும் வேறு வேறு. ஒரு சின்ன உதாரணம், ஓட்டுநர் பக்கக் கண்ணாடி. ஐரோப்பாவில் அது லேசாகக் குவிந்திருக்கும், ஓரத்தில் வளைவு இன்னும் கூடும், பக்கத்துத் தடத்தில் வரும் வண்டி நன்றாகத் தெரியும். அமெரிக்க விதிப்படி ஓட்டுநர் பக்கம் சமதளக் கண்ணாடிதான் இருக்க வேண்டும். பயணி பக்கம் குவிகண்ணாடி வைக்கலாம், ஆனால் ‘கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன’ என்ற எச்சரிக்கை அதில் பொறித்திருக்க வேண்டும். காரின் நான்கு மூலைகளிலும் பக்கவாட்டு விளக்கு வேண்டும், முன்னால் மஞ்சள், பின்னால் சிவப்பு. இவையெல்லாம் பம்பரையும் கண்ணாடியையும் மாற்றினால் தீரும் விஷயம். காற்றுப்பை அப்படியல்ல. சீட் பெல்ட் போடாத பயணியையும் காப்பாற்ற வேண்டும் என்று அமெரிக்கா எதிர்பார்க்கிறது, அதற்கென்று பெல்ட் போடாத பொம்மையை உட்காரவைத்து மோதிப் பார்க்கிறார்கள். காற்றுப்பை விரியும் வேகம், அளவு, டேஷ்போர்டின் உள்கட்டமைப்பு எல்லாம் இதைப் பொறுத்து மாறும். காரை வரையும்போதே அமெரிக்காவை மனதில் வைத்திருந்தால்தான் இது கட்டுப்படியாகும். முடித்த காரை மாற்றுவது வீடு கட்டிய பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டுவது மாதிரி.

இதன் மேல் வரி. 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேசி, ஆகஸ்டிலிருந்து மொத்தம் 15 சதவீதம் என்று ஆக்கினார்கள். முன்பு இருந்தது 2.5 சதவீதம். துறைமுகத்தில் 28 ஆயிரம் டாலர் என்று மதிப்பிடப்படும் காருக்கு முன்பு 700 டாலர் வரி, இப்போது 4,200. அந்த 3,500 டாலர் வித்தியாசத்தை ஐந்தாண்டுக் கடனில் பரப்பினால் வட்டி சேர்த்து மாதம் 70 டாலருக்குப் பக்கத்தில் வரும். ஏற்கெனவே லீஸ் கணக்கில் பின்தங்கும் பிராண்டுக்கு இது இரண்டாவது சுமை.

சீனாவில் செய்து கொண்டுவரலாம் என்று 2019இல் ஒரு பேச்சு இருந்தது. அந்தக் கதவு முழுதாக அடைபட்டுவிட்டது. 2024இல் சீன மின்கார்களுக்கு 100 சதவீத வரி. 2025 ஜனவரியில், இணைய இணைப்புள்ள கார்களில் சீன மென்பொருளுக்கு 2027 மாடல் ஆண்டிலிருந்து தடை. அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

இறக்குமதி வழியில் மூன்று கேள்விகளில் முதல் கேள்வியே விழுந்துவிடுகிறது. இதே குழுமத்தில் இதற்கு ரத்தமும் சதையுமான சாட்சி இருக்கிறது. ஆல்ஃபா ரோமியோ 1995இல் போய், சில நூறு பேருக்கான அரிய காராகத் தலைகாட்டிவிட்டு, 2014இல் 4சி காருடன் முறையாகத் திரும்பியது. ஜூலியா வந்தது, ஸ்டெல்வியோ வந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் கொண்டாடினார்கள். 2018இல் சுமார் 24 ஆயிரம் கார்கள் விற்றது. 2024இல் அது ஒன்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. வரி உயர்வுக்கு முன்பே இந்தக் கதி.

இரண்டாவது வழி, பெயரை விட்டுவிட்டுக் காரை மட்டும் கொண்டுவருவது. கிறைஸ்லரிடம் இன்று விற்பதற்கு மினிவேன் தவிர வேறொன்றும் இல்லை. 3008க்குக் கிறைஸ்லர் பேட்ஜ் ஒட்டினால் என்ன? பார்க்கப்போனால் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் கூரியர் வண்டியாகவும் கேம்பர் வண்டியாகவும் ஓடும், இதே குழுமத்தின் ராம் பிராண்டில் வரும் புரோமாஸ்டர் வேனை ஐரோப்பாவில் பார்த்தால் அது ஃபியட் டுகாட்டோ, அல்லது பியூஜோ பாக்ஸர். ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர். மெக்சிகோவில் தயாராகும் அந்த வேன் நன்றாகவே விற்கிறது. சரக்கு ஏற்றுபவர் உள்ளே எத்தனை பெட்டி நிற்கும் என்று பார்ப்பார், முன்னால் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை.

கார் வாங்குபவர் பெயரைப் பார்ப்பார். இத்தாலியின் பொமிலியானோவில் தயாரான ஆல்ஃபா டொனாலேவை லேசாக முகம் மாற்றி டாட்ஜ் ஹார்னெட் என்று விற்றார்கள். டாட்ஜ் என்றால் பெரிய எஞ்சின், உறுமல் என்று பழகியவர்களுக்கு அந்தச் சின்ன இத்தாலியக் கார் ஒட்டவில்லை. 2025இல் வரி ஏறியதும் தயாரிப்பை நிறுத்தினார்கள். ஓப்பல் இன்சிக்னியாவை ப்யூயிக் ரீகல் என்று பத்தாண்டு விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் கடைசியில் கைவிட்டது. பெயர் மாற்றும் வழி செலவு குறைந்தது, டீலர் சங்கடம் இல்லாதது. ஆனால் பியூஜோவின் பார்வையில் பார்த்தால் அது திரும்புதலே இல்லை. தன் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுதான்.

தத்துக் கொடுத்தால் காரின் தனித்தன்மை மிஞ்சுமா என்பது என் பயம். சில ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸில் ஒரு வாரம் வாடகைக்கு 308 ஒன்றை எடுத்தேன். உட்கார்ந்ததும் முதலில் திகைப்பு. ஸ்டியரிங் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் இருக்கிறது. மற்ற கார்களில் ஸ்டியரிங் வளையத்துக்குள் எட்டிப் பார்த்து வேகமானியைப் படிப்போம். இதில் வளையத்துக்கு மேலாகப் பார்க்க வேண்டும். முதல் அரைமணி நேரம் வளையத்தின் மேல்விளிம்பு வேகமானியின் பாதியை மறைத்துக்கொண்டே இருந்தது. சீட்டை ஏற்றினேன், ஸ்டியரிங்கை இறக்கினேன், மறுபடி சீட்டைப் பின்னால் தள்ளினேன். இரண்டாம் நாள் மதியம், கிராமத்துச் சாலையில் ஒரு ரவுண்டானாவில் திரும்பும்போது சட்டென்று பிடிபட்டது. மணிக்கட்டை அசைத்தால் போதும், கார் திரும்புகிறது. ஊருக்கு வந்து என் காரில் ஏறியபோது பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தமாதிரி இருந்தது. 2012இல் 208 காரில் தொடங்கிய இந்த அமைப்பை பியூஜோ இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. கிறைஸ்லர் பேட்ஜ் ஒட்டும் குழு முதலில் கழற்றி எறியப்போவது இதைத்தான். பதினைந்து நிமிட டெஸ்ட் டிரைவில் அமெரிக்க வாடிக்கையாளர் குழம்பிப் போவார் என்று டீலர் சொல்வார், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதைக் கழற்றிவிட்டால் பியூஜோ என்று சொல்ல அந்தக் காரில் என்ன மிச்சம்?

பி.எஸ்.ஏ. முதலில் யோசித்த வழி வேறு. காரை விற்காமல், கார் பகிர்வு, வாடகை போன்ற சேவைகளின் மூலம் மெல்ல நுழைவது. 2017இல் சியாட்டிலில் ஒரு செயலியாகத் தொடங்கினார்கள், 2018இல் வாஷிங்டன் நகரில் கார் பகிர்வு வந்தது. அதில் ஓடிய கார்கள் செவர்லே! சொந்தக் கார் கைவசம் இல்லாதபோது அது சாமர்த்தியமான தொடக்கம்தான். இன்றைக்கு அந்த வழி தேவையில்லை. இணையத்தில் நேரடியாக விற்பது என்பதும் ஏற்கெனவே டீலர்கள் உள்ள குழுமத்துக்குப் பல மாநிலங்களில் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். அந்தக் காலத்துத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஐம்பது மாநிலத்திலும் கடை விரிக்காமல், முதலில் 15 மாநிலங்கள், கனடாவின் நான்கு மாகாணங்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கைத் தூக்கிப் போடக்கூடாது.

இப்போது நான் சாய்கிற வழிக்கு வருகிறேன். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு வடமேற்கே பெல்விடியர் என்ற ஊர். 1965இலிருந்து கார் செய்த ஆலை அங்கே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பூட்டினார்கள். அந்த ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கம் போராடி, திறப்போம் என்ற வாக்குறுதியை வாங்கியது. 2025 அக்டோபரில், 600 மில்லியன் டாலருக்கு மேல் செலவிட்டு அங்கே ஜீப் செரோகீயையும் ஜீப் காம்பஸையும் 2027இலிருந்து தயாரிப்போம் என்று ஸ்டெல்லாண்டிஸ் அறிவித்தது.

காம்பஸ் என்ற பெயர்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இத்தாலியின் மெல்ஃபியில் தயாராகும் புதிய தலைமுறை காம்பஸும், சோஷோவில் தயாராகும் 3008, 5008 கார்களும் ஒரே அடித்தளத்தில் எழும்பியவை. எஸ்.டி.எல்.ஏ. மீடியம் என்று அதற்குப் பெயர். அதே அடித்தளக் கார் பெல்விடியருக்கு வருமானால், பியூஜோ ஒன்றைப் பக்கத்தில் சேர்த்துச் செய்வதற்குத் தனி ஆலை கட்ட வேண்டாம். அமெரிக்க மோதல் விதிகளுக்கான கடினமான வேலையில் பெரும்பகுதியை காம்பஸ் செய்து முடித்திருக்கும். முழுக்காருக்கான இறக்குமதி வரி போகும். நாணய மாற்று ஆபத்து பெருமளவு குறையும். 1985க்குப் பின் எது பியூஜோவைக் கவிழ்த்ததோ அது இங்கே எட்டாது.

கொண்டுவர வேண்டியது 5008. நீளம் 4.79 மீட்டர், ஏழு இருக்கை. அமெரிக்காவில் மூன்று வரிசைக் கார் என்றாலே ஐந்து மீட்டரைத் தொடும். நகரத்தில் நிறுத்த வசதியான, எப்போதாவது தாத்தா பாட்டி வந்தால் பின்னால் இரண்டு பேரை உட்காரவைக்கக்கூடிய அளவில் அங்கே அதிகம் இல்லை. பாஸ்டனிலோ சியாட்டிலிலோ தெருவோரம் வண்டி நிறுத்துகிறவருக்கு அந்த இருபது முப்பது சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 5008இன் ஹைபிரிட்டில் இருப்பது 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர். அதன் முந்தைய தலைமுறையில் எண்ணெயில் மூழ்கி ஓடும் டைமிங் பெல்ட் சிதைந்து பெரிய தலைவலி ஆனது. நிறுவனமே வாரன்டியைப் பத்தாண்டு, 1,75,000 கிலோமீட்டர் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. இப்போது பெல்ட்டை எடுத்துவிட்டு செயின் போட்டுவிட்டார்கள். இருந்தாலும் நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தோடு போகும் ஊருக்கு அந்தச் சின்ன எஞ்சினைக் கொண்டுவரக் கூடாது. டன்டீயில் தயாராகும் 1.6 ஹைபிரிட் இருக்கிறதே! செரோகீயில் அது 210 குதிரைசக்தி தருகிறது, காலனுக்கு 37 மைல் ஓடுகிறது. அதை 5008இல் பொருத்துவதற்குப் பொறியியல் வேலை இருக்கும், பணம் செலவாகும். ஆனால் அதற்குப் பிறகு ஏழாவது ஆண்டில் உதிரிபாகம் கேட்டு பிரான்ஸுக்குக் கடிதம் போட வேண்டியதில்லை. பக்கத்து ஊர் ஜீப் டீலரிடம் அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் இருப்பார். என் மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு உருப்படியான பதில் தரும் ஒரே வழி இதுதான்.

பி.எம்.டபிள்யூவின் கைக்கு வந்த மினி கார் எப்படி வென்றது என்று பாருங்கள். 1967இல் அமெரிக்காவை விட்டுப் போன பிராண்ட், 35 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2002இல் வந்தது. வாங்கியவர் பிரிட்டிஷ் குட்டிக்காரை வாங்கினார், ஆனால் சர்வீஸுக்குப் பின்னால் நின்றது பி.எம்.டபிள்யூவின் பயிற்சியும் உதிரிபாகக் கிடங்கும். 2007இலிருந்து அந்த மினியில் ஓடியதும் இதே பிரின்ஸ் எஞ்சினின் மூத்த தலைமுறைதான். டைமிங் செயின் பற்றி அதில் நிறையப் புகார் வந்தது. அப்படியும் பிராண்ட் நின்றது. புகாரோடு போனால் பதில் சொல்ல ஆள் இருந்தார்கள், அதனால்.

ஃபியட் 500 கதை இதற்கு நேர்மாறு. 2011இல் மெக்சிகோவின் டொலூகாவில் தயாரித்து விற்றார்கள், ஆகவே விலைப் பிரச்சினை இல்லை. வட அமெரிக்காவில் முதலாண்டு 50 ஆயிரம் விற்கும் என்று ஃபியட்டின் அப்போதைய தலைவர் செர்ஜியோ மார்க்கியோனே சொன்னார். அமெரிக்காவில் 20 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. 2012இல் 43 ஆயிரத்தைத் தாண்டியது. அதோடு சரி. பெட்ரோல் விலை இறங்கியது, சின்னக் கார் மீது ஆசை வடிந்தது, அடுத்து காட்டுவதற்குச் சரியான மாடல் வரவில்லை. 2023இல் அமெரிக்கா முழுவதும் விற்ற ஃபியட் கார்கள் 605. தனி ஷோரூம் கட்டினால்தான் ஃபியட் தருவோம் என்று சொன்னதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய டீலர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. உள்ளூரில் செய்வது தேவையான நிபந்தனை, ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு ஃபியட்தான் அத்தாட்சி. அதனால் பியூஜோவுக்குத் தனிக் கட்டடம் கேட்கக் கூடாது. இருக்கும் ஜீப் ஷோரூமில் ஒரு மூலை, சர்வீஸ் கூடத்தில் பயிற்சி பெற்ற இருவர், இதற்கு மேல் டீலரிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

கனடா பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் பியூஜோவுக்கு இயல்பான ஒரு வரவேற்பு உண்டு, சின்னக் கார்களை விரும்பும் மாகாணமும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தால் ஐரோப்பியக் கார்களுக்கு அங்கே இறக்குமதி வரியும் நீங்கிவிட்டது. சோஷோவிலிருந்து நேராக மான்ட்ரியாலுக்கு அனுப்பி ஓரிரு ஆண்டு பழகிப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் காம்பஸ் தயாரிப்பை ஒன்டாரியோவின் பிராம்ப்டனிலிருந்து பெல்விடியருக்கு மாற்றியதில் கனடா கொதித்துப் போயிருக்கிறது. வேலை இழந்த ஊருக்குப் புதுக் காரோடு போவதற்கு முன் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

வராமலே இருப்பது என்ற வழியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அதற்கு மதிப்பு குறைவு என்பதற்காக அல்ல. 2021இல் ஸ்டெல்லாண்டிஸ் சொன்ன காரணங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 14 பிராண்டுகளை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இன்னொன்றையா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஃபியட் கிறைஸ்லராக 2019இல் அமெரிக்காவில் 22 லட்சம் கார் விற்ற நிறுவனம், 2024இல் சுமார் 13 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. விலை அதிகம், கையிருப்பு தேங்கிக் கிடக்கிறது என்று டீலர்கள் வெளிப்படையாகவே கடிதம் எழுதினார்கள். வீட்டில் ஜீப்புக்கும் ராமுக்கும் காய்ச்சல் அடிக்கும்போது பியூஜோவுக்குச் சீர் செய்ய முடியாது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பணம் ஜீப்புக்குப் போவதே சரி என்று நானும் சொல்வேன்.

வந்துவிட்டுப் பாதியில் போவதைவிட வராமல் இருப்பது எவ்வளவோ மேல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1990களின் நடுவில் பிரீமியருடன் கூட்டுச் சேர்ந்து மும்பைக்கு அருகே கல்யாணில் பியூஜோ 309 தயாரித்தார்கள். சில ஆண்டுகளில் கூட்டு முறிந்தது. அந்த அருமையான டீசல் காரை ஆசைப்பட்டு வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். அதன் பிறகு இந்தக் குழுமம் இந்தியாவுக்குத் திரும்பியது 2021இல். அப்போதும் பியூஜோ என்ற பெயரைத் தொடவில்லை, சிட்ரோயென் என்ற பெயரில் வந்து திருவள்ளூரில் ஆலை வைத்தார்கள்.

எனவே என் வரிசை இது. முதலிடம் பெல்விடியரில் செய்த 5008, ஒரே மாடல், 1.6 ஹைபிரிட், பத்துப் பதினைந்து மாநிலங்களில் மட்டும், இருக்கும் ஜீப் டீலர்கள் வழியாக. 2027இல் அங்கே காம்பஸ் ஓடத் தொடங்கி, தரம் நிலைப்பட்டு, டீலர்களின் கையிருப்பு கரைந்த பிறகு, அதாவது 2029க்கு முன் வேண்டாம். அதோடு பத்தாண்டு வாரன்டி. லீஸ் முடிவில் கார் என்ன விலைக்குப் போகும் என்பதற்கு நிறுவனத்தின் சொந்த நிதிப் பிரிவே உத்தரவாதம் தரவேண்டும். மாதத் தவணையை இறக்க வேறு வழியில்லை, நட்டம் வந்தால் முதல் ஐந்தாண்டு அதை நிறுவனம்தான் தாங்க வேண்டும். இதற்கு மனம் இல்லையென்றால் இரண்டாமிடத்தில் வராமலே இருப்பதை வைப்பேன். பேட்ஜ் மாற்றுவது மூன்றாவது. கப்பலில் ஏற்றி வருவது கடைசி.

இப்படி வந்தால் நீ வாங்குவாயா என்று மனைவி கேட்டாள். முதலாண்டில் வாங்க மாட்டேன் என்றேன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் டீலரின் சர்வீஸ் கூடத்துக்குப் போய், அந்த 1.6 எஞ்சினின் கூலன்ட் பம்ப் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்பேன். இருக்கிறது என்று சொன்னால் மூன்றாம் ஆண்டில் ஒன்று எடுப்பேன், அந்தச் சின்ன ஸ்டியரிங்கோடு.